கால்வாய்க் கரையில் கோதண்டராமன்

கோதண்டராமன் இனிமேல் ரோட்டில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொன்னபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. 1994 ஆடி மாதம். அதற்கு முந்தின வாரம்தான் ஒசூர் ரோட்டில் ஒரு கொய்யாப்பழத் தள்ளுவண்டி மேல் மோதி, முழங்கை எலும்பில் விரிசல் விட்டிருந்தது. ஆறு மாதத்தில் அது மூன்றாவது விபத்து.

அடுகோடியில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்டர். கடைசல் பிரிவிலிருந்து வரும் உருப்படிகளை அளந்து, சரியானதை ஒரு தட்டிலும் தப்பானதை இன்னொரு தட்டிலும் போடுகிற வேலை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். "கோதண்டம் கண்ணு கண்ணில்ல, மிஷின்" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அந்தக் கண்ணுக்கு, இடது பக்கம் ஆள் உயரத்துக்குக் குவித்திருந்த கொய்யாப்பழம் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? வண்டிக்காரன் நம்பவில்லை. குடித்துவிட்டு வந்து மோதியதாகத்தான் கத்தினான்.

டாக்டர் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, நேரே சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். பிறகு காதுப் பக்கத்திலிருந்து ஒரு விரலை மெல்ல முன்னால் கொண்டுவந்தார். விரல் தெரிந்ததும் சொல்ல வேண்டும். கோதண்டராமன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. விரல் ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் "தெரியுது சார்" என்றார்.

"சின்ன வயசுல மாலைக்கண் இருந்துதா?"

"இருந்துது சார். முருங்கைக்கீரை நிறைய குடுத்தாங்க."

"இது கீரைக்குப் போறதில்ல. ஒரு குழாய்க்குள்ள இருந்து பாக்கிற மாதிரி உங்க பார்வை இருக்கு. வருஷம் போகப் போக அந்தக் குழாய் சின்னதாகும். மருந்து கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. இருக்கிறத வெச்சுப் பத்திரமா இருங்க." பிறகு, "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார்.

"அக்கா பொண்ணு சார்."

"குழந்தைங்க?"

"ஒரே பொண்ணு. பன்னெண்டு வயசு."

"அவளையும் ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. பாத்துடறது நல்லது."

அந்த நேரம் அவர் மனைவி சொர்ணம் மருந்துக் கடையில் கட்டுத்துணி வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்து, "டாக்டர் என்ன சொன்னார் மாமா?" என்று கேட்டாள். கோதண்டராமன் எல்லாம் சொன்னார். கடைசியாக டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்ததல்ல அது. வீட்டுக்குப் போய் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். ஆஸ்டின் டவுனில் ஆட்டோ வந்து நின்றபோது மகள் கிருத்திகா வாசலில் கயிறு குதித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க ஓடிவந்து அவருடைய கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்தாள். அன்று சொல்ல முடியவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மருந்தே இல்லாத வியாதியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று பிறகு தனக்குத்தானே ஒரு நியாயம் செய்துகொண்டார். வருடங்கள் அப்படியே போயின.

பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்த இரண்டே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். பதினைந்து வயதிலிருந்து சைக்கிளில் போனவர். லால்பாக்கைச் சுற்றி, ஜெயநகர் வரை, ஞாயிற்றுக்கிழமை என்றால் பன்னேருகட்டா வரைகூட, காரணமே இல்லாமல் மிதித்துவிட்டு வருவார். அவருக்கு வேறு பொழுதுபோக்கும் கிடையாது. கடைசல் பிரிவில் வேலை செய்த டொமினிக் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருவரும் ஆஸ்டின் டவுனில் அடுத்தடுத்த தெரு.

"ஏம்பா கோதண்டம், வண்டி இல்லாத ரோடு ஒண்ணு காட்டறேன், வர்றியா?"

"பெங்களூர்ல ஏதுப்பா அந்த மாதிரி ரோடு?"

"பெங்களூர்னு யார் சொன்னாங்க? மண்டியாவுல."

டொமினிக்கின் தங்கை பவுலின் மண்டியாவில் நர்ஸ். ஊரின் ஓரத்தில், வயலை ஒட்டி அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் பத்து நிமிடம் நடந்தால் காவிரித் தண்ணீர் போகிற கால்வாயின் கிளை ஒன்று வரும். அதன் கரை மேல், பாசன இலாகா ஜீப் எப்போதாவது போவதற்காகப் போட்ட மண்பாதை. மற்றபடி ஒரு லாரி கிடையாது, ஒரு பஸ் கிடையாது.

சொர்ணம் பயந்தாள். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் நடந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் வீட்டுக்குள் கிடந்தது அவளுக்கு மறக்கவில்லை. "அந்தப் பக்கம் போய்த் தமிழ்ல பேசிட்டு நிக்காதீங்க மாமா" என்றாள். டொமினிக் சிரித்தார். "இவன் சைக்கிள் மேல இருந்தா எந்த பாஷையும் பேச மாட்டான்மா."

இரண்டு பழைய சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பவுலின் வீட்டுப் பின்கட்டிலேயே விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை ரயிலில் போவதும் சாயங்கால ரயிலில் திரும்புவதுமாக ஆகிவிட்டது.

முதல் நாள் கரை மேல் ஏறி நின்றபோது கோதண்டராமன் கொஞ்ச நேரம் மிதிக்கவே இல்லை. ஒரு பக்கம் கரை நிரம்பிப் பழுப்பு நிறத்தில் தண்ணீர். மறு பக்கம் சரிவு, அதற்குக் கீழே நெல்லும் கரும்பும். நடுவில் ஜீப் சக்கரம் அழுத்திய இரண்டு தடம், கண்ணுக்கு எட்டிய வரை ஒரே நேராக. அவருடைய பார்வையில் மிச்சமிருந்தது எதுவோ, அதற்கென்றே அளந்து போட்டது போலிருந்தது அந்தப் பாதை. பக்கவாட்டில் தெரியாததால் இங்கே ஒரு நஷ்டமும் இல்லை. பக்கவாட்டிலிருந்து வருவதற்கு ஒன்றுமே இல்லை.

"போப்பா" என்றார் டொமினிக். "நான் பின்னால வர்றேன். ஆடு மாடு ஏதாவது ஏறி வந்தா மணி அடிக்கிறேன்."

கோதண்டராமன் மிதித்தார். முதலில் பயந்து பயந்து, பிறகு வேகமாக. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. எங்கேயோ வெல்லம் காய்ச்சுகிற வாசனை வந்தது. ஏழு மைல் தள்ளி ஒரு மதகு. அதுவரை போய், கல் மேல் உட்கார்ந்து, பவுலின் கட்டிக் கொடுத்த சித்திரான்னத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். வருகிற வழியில் கோதண்டராமன் பாடிக்கொண்டு வந்ததாக டொமினிக் பிறகு எல்லாரிடமும் சொன்னார். அவர் இல்லவே இல்லை என்று மறுத்தார்.

பதினான்கு வயதில் கிருத்திகாவும் வர ஆரம்பித்தாள். அவளுக்கென்று மூன்றாவதாக ஒரு சைக்கிள் பின்கட்டில் சேர்ந்தது. அவள் அப்பாவைத் தாண்டிப் பறப்பாள், தூரத்தில் நின்று, "அப்பா, இன்னுமா வர்றீங்க?" என்று கத்துவாள். நீல நிறத் தாவணி ஒரு புள்ளியாகி மறுபடி பெரிதாவதைப் பார்த்துக்கொண்டே மிதிப்பது அவருக்குப் பிடித்திருந்தது. தன் பார்வைக் குழாய்க்குள் முழுசாக அடங்குகிற உருவம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று தோன்றும். அவரைப் பொறுத்தவரை அந்த நான்கைந்து வருடங்கள்தான் வாழ்க்கை.

2000 டிசம்பர். கிருத்திகாவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அன்று கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. கிருத்திகா பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இடது பக்கச் சரிவிலிருந்து தலையில் பெரிய புல்லுக்கட்டோடு ஒரு ஆள் நிதானமாகக் கரை மேல் ஏறிவந்தான். டொமினிக் மணி அடித்தார். கோதண்டராமனே தலையைத் திருப்பி அவனைப் பார்த்துவிட்டார். கிருத்திகா பார்க்கவில்லை. பிரேக்கைத் தொடக்கூட இல்லை. நேராகப் போய் மோதினாள். புல்லுக்கட்டு அவிழ்ந்து, பாதி கால்வாய்த் தண்ணீரில் மிதந்து போனது.

"கண்ணு காணல்வேனம்மா நினகெ?" என்று அந்த ஆள் கத்தினான். கண் தெரியவில்லையா என்று கேட்டான், அவ்வளவுதான்.

கிருத்திகா முழங்கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சாரிண்ணா, எங்கருந்து வந்தீங்கன்னே தெரியல" என்று கன்னடத்தில் சமாதானம் சொல்லி, குனிந்து புல்லைப் பொறுக்க ஆரம்பித்தாள். டொமினிக்கும் இறங்கி உதவி செய்தார். கோதண்டராமன் மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மகள் புல்லைப் பொறுக்குகிற விதத்தையே பார்த்தார். கைக்குப் பக்கத்தில் கிடக்கிற புல்லை எடுக்க அவள் முழுத் தலையையும் திருப்பினாள். அந்தத் திருப்பம் அவருக்குத் தெரியும். அவருடைய கழுத்துக்கு அது முப்பது வருடப் பழக்கம்.

சாயங்கால ரயிலில் கிருத்திகா அவருக்கு வலது பக்கம் ஜன்னலோரமாக, நேர் எதிரே இருந்த டொமினிக்கோடு பேசிக்கொண்டு வந்தாள். கோதண்டராமன் மத்தூரில் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தை அவள் காதுக்குப் பக்கத்தில் நீட்டினார். அவள் கவனிக்கவில்லை. கூப்பிடாமல் பொட்டலத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். இன்னும் கொஞ்சம். கன்னத்துக்கு நேராக வந்தது. கண்ணோரத்துக்கு வந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தொழிற்சாலையில் ஒரு உருப்படி தட்டுக்குப் போவதற்கு முன் கடைசியாக ஒருமுறை அளப்பதைப்போல, விரற்கடை விரற்கடையாக நகர்த்தினார். மூக்குக்கு நாலு விரல் இருக்கும்போது அவள் "ஓ" என்று சிரித்து, "குடுங்கப்பா, கேக்காம நீட்டிட்டே இருக்கீங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

டொமினிக் அவர் முகத்தைப் பார்த்தார்.

அன்றும் கோதண்டராமன் வீட்டில் சொல்லவில்லை. ஆனால், தை மாதம் பேச்சு தானாக வந்து நின்றது. படித்துக்கொண்டே கோரமங்களாவில் ஒரு ஆபீசில் பகுதிநேர வேலைக்குச் சேருவதாக இருந்தாள் கிருத்திகா. போய்வர ஒரு ஸ்கூட்டி வேண்டும் என்றாள். சொர்ணமும் சரி என்றாள். கோதண்டராமன் மட்டும் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். மூன்று நாள் இந்தச் சண்டை நடந்தது. மூன்றாம் நாள் கிருத்திகாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"உங்களுக்குக் கண்ணு தெரியலன்னா நானும் வண்டி ஓட்டக் கூடாதாப்பா?"

சொர்ணம் அவளை அடிக்கக் கையை ஓங்கினாள். கோதண்டராமன் அந்தக் கையைப் பிடித்தார். "அவளை அடிக்காத. அவளுக்கும் தெரியலடி சொர்ணம்" என்றார். பிறகு டாக்டர் அன்று சொன்னதிலிருந்து புல்லுக்கட்டு, வேர்க்கடலை வரை எல்லாவற்றையும் சொன்னார்.

குக்கர் இரண்டு விசில் அடித்தது. சொர்ணம் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஆறு வருஷமாத் தெரியுமா உங்களுக்கு?"

"மருந்து இல்லன்னு சொன்னாரு. சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு…"

"மருந்து இல்லன்னா என்ன? அவளுக்கு நான் நாலு இடம் காட்டியிருப்பேன். அவ இன்னும் கடலே பாக்கல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவரால் தாங்க முடிந்திருக்கும். சொர்ணம் பிறந்தபோது தூக்கி வைத்துக்கொண்டவர் அவர். நடக்கப் பழகியபோதே மாமா என்று கூப்பிட ஆரம்பித்தவள், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியேதான் கூப்பிட்டாள். அன்றைக்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வரவேயில்லை. சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தாள். "வாங்க", "சாப்பிடுங்க" என்பதோடு சரி. மாமனைக் கட்டிக்கொண்டதனால்தான் பெண்ணுக்கு இப்படி வந்தது என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாமலே அது வீட்டுக்குள் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கிருத்திகாவுக்கு ஒரு மணி நேரம் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கு இன்னும் அவரைவிட அகலமாகத் தெரிகிறது என்றும், எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில் மூவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ரிச்மண்ட் சர்க்கிள் தாண்டியதும் கிருத்திகா அவர் பக்கம் திரும்பினாள்.

"ராத்திரியில எனக்கு எப்பவுமே ஒண்ணும் தெரியாதுப்பா" என்றாள். "எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சிட்டிருந்தேன்."

அந்த மே மாதம் சொர்ணம் மகளைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று நாள் மெரினாவில் காலையும் மாலையும் உட்கார வைத்தாள். கோதண்டராமனை யாரும் கூப்பிடவில்லை. அவரும் நானும் வருகிறேன் என்று கேட்கவில்லை. திரும்பி வந்த கிருத்திகா, "நல்லா இருந்துதுப்பா, ரொம்பப் பெருசு" என்று மட்டும் சொன்னாள்.

அதே வருடம் அவர் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்தார். அளவுக் கருவியின் முள்ளுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மங்க ஆரம்பித்துவிட்டது. தப்பான உருப்படி ஒன்றைச் சரியான தட்டில் போட்டதைத் தானே கண்டுபிடித்து, தானே போய் மேனேஜரிடம் சொன்னார். மண்டியாவுக்குப் போவதும் நின்றது. முதலில் கிருத்திகா வரமாட்டேன் என்றாள். அடுத்த வருடம் காவிரித் தகராறு மறுபடி கிளம்பி, ரயிலே ஓடாத நாட்கள் வந்தன. பவுலின் மூன்று சைக்கிள்களுக்கும் எண்ணெய் போட்டுச் சாக்கு மூடி வைத்திருப்பதாகக் கடிதம் எழுதினாள்.

படிப்பு முடிந்ததும் கிருத்திகாவுக்கு ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை கிடைத்தது. ஸ்கூட்டி இல்லை; ஆபீஸ் வேன் தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொர்ணம் கெஞ்சிப் பார்த்தாள். கிருத்திகா கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த முதல் குடும்பத்திடமே காப்பித் தட்டை வைத்துவிட்டு, தன் கண்ணைப் பற்றித் தானே சொன்னாள். அவர்கள் மரியாதையாகக் காப்பி குடித்தார்கள், ஊருக்குப் போய்த் தகவல் அனுப்புகிறோம் என்றார்கள். தகவல் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு குடும்பமும் அப்படியே. மூலையில் உட்கார்ந்திருந்த கோதண்டராமன், தாம் சொல்லத் தவறியதை மகள் ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

2003 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, வேனிலிருந்து இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அப்பா, நாளன்னிக்கு மண்டியா போலாமா?"

"எனக்கு இப்போ ரொம்பக் கம்மியாத்தாம்மா தெரியுது."

"தெரியும். போலாமா?"

டொமினிக்குக்கு அப்போது மூட்டு வலி. ஆனாலும் வந்தார். சாக்கை எடுத்துவிட்டுச் சக்கரங்களுக்குக் காற்றடித்தார்கள். கரை அப்படியே இருந்தது. கோதண்டராமனுக்குத்தான் பாதை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது. கிருத்திகா சிவப்பு துப்பட்டா போட்டிருந்தாள். "அதைப் பாத்துட்டே வாங்க" என்று முன்னால் மெதுவாகப் போனாள். ஒரு மைல் வரை சமாளித்தார். பிறகு துப்பட்டா நழுவி நழுவித் தொலைந்தது. தேடித் தலையைத் திருப்பும்போதெல்லாம் சக்கரம் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. இரண்டு முறை டொமினிக் எட்டி கேரியரைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை கோதண்டராமன் தாமே இறங்கிவிட்டார்.

"நீ போம்மா. மதகு வரைக்கும் போயிட்டு வா. நான் இங்க உக்காந்திருக்கேன்."

"நான் கூடப் போறேன்" என்று டொமினிக் மிதிக்கப் பார்த்தார்.

"வேணாம் அங்கிள், நீங்க அப்பாகூட இருங்க. எனக்கு இன்னும் தெரியுது."

அவள் போனாள். சங்கிலி மூடி தடதடக்கிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். கோதண்டராமன் புல் மேல் உட்கார்ந்து, "எங்க இருக்கா?" என்று கேட்டார்.

"போயிட்டிருக்கா. நல்லாத்தான் போறா" என்றார் டொமினிக். "ஒரு கரும்பு வண்டி எதிர்ல வருது. இறங்கிட்டா. ஓரமா நிக்கிறா. வண்டி போயிடுச்சு. ஏறிட்டாப்பா."

"இப்போ?"

"அந்தப் புங்கமரம் தாண்டறா."

"இப்போ?"

"வளைவுல திரும்பிட்டா. இனிமே எனக்கும் தெரியாது."

கோதண்டராமன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒன்பது வருடத்தில் அவர் அழுது டொமினிக் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து, தம் வலிக்கிற முட்டியை நீவிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கிருத்திகா திரும்பி வந்தாள், வெயிலில் முகம் சிவந்து. மதகுக்கு அந்தப் பக்கம் தண்ணீரை அடைத்துவிட்டு வேலை நடப்பதாகவும், வற்றிய சேற்றில் ஆட்கள் கூடை வைத்து மீன் பிடிப்பதாகவும், ஒரு நாய் சேற்றில் இறங்கிவிட்டு ஏறத் தெரியாமல் நிற்பதாகவும் மூச்சு விடாமல் சொன்னாள். எவ்வளவு பெரிய மீன், நாய் என்ன நிறம் என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். மூவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பவுலின் வீட்டுக்கு நடந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் சைக்கிளில் ஏறவில்லை. கிருத்திகா போனாள், மாதம் ஒருமுறை தனியாகவே. இன்னும் மூன்று வருடம், பார்வை இடம் கொடுத்த வரைக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் கோதண்டராமனும் சொர்ணமும் மட்டும் இருப்பார்கள். சொர்ணம் கீரையைத் தரையில் கொட்டி ஆய்வாள். அவர் எதிரே உட்கார்ந்து, தண்டைத் தடவிப் பார்த்து, தம் பங்குக்கு இலைகளைக் கிள்ளிப் போடுவார். சாயங்காலம் ஆறரைக்கு ரயில் வந்து சேரும். அதுவரைக்கும் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது.